'ஒலிகோ' என்று தொடங்கும் அறிவியல் சொற்கள்: அந்தச் 'சில' எத்தனை?

ஒலிகோசாக்கரைடு, ஒலிகூரியா, ஒலிகோட்ரோபிக், ஒலிகோசீன் என்று வேதியியல், மருத்துவம், சூழலியல், நிலவியல் நான்கிலும் ஒரே முன்னொட்டு வருகிறது. எல்லா இடத்திலும் பொருள் ஒன்றுதானா? ஒன்றென்றால் 'சில' என்பது எத்தனை? கேள்வி இவ்வளவுதான்.

வேர் ஒன்று, எல்லைக்கோடு துறைக்குத் துறை வேறு. கிரேக்கத்தில் 'ஒலிகோஸ்' பன்மையில் வந்தால் 'சில', ஒருமையில் வந்தால் 'கொஞ்சம்'. எண்ணக்கூடியதற்கு ஒரு சொல்லும் அளக்கக்கூடியதற்கு ஒரு சொல்லும் நாம் வைத்திருக்கிறோம். இந்த முன்னொட்டு இரண்டு வேலையையும் தானே பார்க்கிறது. அதனால் புதிதாக ஓர் ஒலிகோ சொல் எதிர்ப்பட்டால், இங்கே எண்ணுகிறார்களா அளக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு, கோடு எங்கே விழுகிறது, ஏன் அங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த 'ஏன்' பிடிபட்டால் எண்களை மனப்பாடம் செய்யும் வேலை பாதியாகக் குறையும்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில உச்சரிப்பை ஒட்டி 'ஆலிகோ' என்று எழுதுவோரும் உண்டு, இரண்டும் ஒன்றே. தமிழில் பார்க்கும்போது ஒலிக்கும் ஓசைக்கும் ஏதோ தொடர்பு இருப்பதுபோலத் தோன்றும், இல்லை. அடுத்து உயிரெழுத்து வந்தால் கடைசி 'ஓ' பெரும்பாலும் உதிர்ந்துவிடும்: ஒலிகூரியா, ஒலிகீமியா (இரத்தக் குறைவு), ஒலிகார்க்கி (சிலர் ஆட்சி). பிற்காலத்தில் உருவாக்கிய ஒலிகோஆர்த்ரைட்டிஸ் போன்றவற்றில் உதிராமலும் நிற்கும்.

வேதியியலிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் 'சில' என்பதற்கு ஆகச் சிறந்த வரையறை அங்கேதான் இருக்கிறது. ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகச் சேர்ந்தால் பாலிமர். அந்தச் சங்கிலி குட்டையாக இருந்தால் ஒலிகோமர். எத்தனை கண்ணி வரை குட்டை? வேதியியல் சொற்களை வரையறுக்கும் சர்வதேச அமைப்பான ஐயூபேக் எண் எதையும் சொல்லவில்லை. ஒன்றிரண்டு கண்ணிகளை எடுத்தாலோ சேர்த்தாலோ பொருளின் பண்பு குறிப்பிடத்தக்க அளவு மாறினால் அது ஒலிகோமர், மாறாவிட்டால் பாலிமர். பத்தாயிரம் கண்ணி உள்ள பாலிஎத்திலீனில் ஒன்றைக் கழற்றினால் யாருக்கும் தெரியாது. ஐந்து கண்ணி உள்ளதில் ஒன்றைக் கழற்றினால் உருகுநிலை மாறும், கரைதிறன் மாறும். புரதங்களில் இதே சொல் வேறு விதமாகப் புழங்குகிறது: அங்கே கண்ணி என்பது அமினோ அமிலம் இல்லை, முழுப் புரதச் சங்கிலி. ஹீமோகுளோபின் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா என நான்கு சங்கிலிகள் கூடிய ஒலிகோமர். அமினோ அமிலங்களை எண்ணினால் அது ஒலிகோபெப்டைடு. பொதுவாக 20 வரை.

ஒலிகோசாக்கரைடில் எண்ணுவது சர்க்கரை அலகுகளை. 3 முதல் 10 வரை என்பது பெரும்பாலான புத்தகங்களின் கணக்கு. சில புத்தகங்கள் 2 என்று தொடங்கி சுக்ரோஸ், லாக்டோஸையும் இதில் சேர்த்துவிடும். தேர்வெழுதுபவர்கள் தங்கள் பாடநூல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. உணவுத் துறையில் கோடு 9-க்கும் 10-க்கும் நடுவில் விழுகிறது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் நார்ச்சத்துக்கு 2009-இல் தந்த வரையறை 10 அலகுகளும் அதற்கு மேலும் உள்ளவற்றையே நேரடியாக ஏற்கிறது. 3 முதல் 9 வரை உள்ளவற்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த நாட்டிடம் விட்டுவிட்டது. ஆகவே ஒரே பொருளின் நார்ச்சத்து அளவு இரண்டு நாட்டு லேபிள்களில் இரண்டு விதமாக இருந்தால் அதில் மோசடி இருக்க வேண்டிய அவசியமில்லை.

பருப்பு, பயறு வகைகள் வாயு உண்டாக்குவதும் இந்தக் குடும்பத்தால்தான். ராஃபினோஸ் 3 அலகு, ஸ்டாக்கியோஸ் 4, வெர்பாஸ்கோஸ் 5. இவற்றில் உள்ள ஆல்ஃபா-கேலக்டோசைடு பிணைப்பை வெட்டும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லை. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் சர்க்கரையை அங்குள்ள பாக்டீரியா நொதிக்கவைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலரிடம் மீத்தேன் எனக் கிளப்பிவிடுகின்றன. இவை நீரில் கரைபவை. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைத்தால் ஒரு பகுதி வெளியேறிவிடும், முழுக்கப் போகாது. தாய்ப்பாலிலும் ஒலிகோசாக்கரைடு உண்டு: லிட்டருக்குச் சுமார் 5 முதல் 15 கிராம். திடப்பொருள்களில் லாக்டோஸ், கொழுப்புக்கு அடுத்த இடம். குழந்தையால் அதைச் செரிக்க முடியாது. குடலில் உள்ள பிஃபிடோபாக்டீரியாவுக்கான தீனி அது.

ஒலிகோநியூக்ளியோடைடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆய்வகங்களில் வெறுமனே 'ஒலிகோ' என்றால் இதுதான்: குட்டையான டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. துண்டு. டி.என்.ஏ.வைப் பல மடங்காக நகலெடுக்கும் பி.சி.ஆர். முறையில், நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் துண்டான பிரைமர் 18 முதல் 25 எழுத்து (அதாவது நியூக்ளியோடைடு) நீளம். ஏன் 18? மனித மரபுத்தொகுதியில் சுமார் 310 கோடி எழுத்துகள். இரண்டு இழைகளையும் சேர்த்தால் 620 கோடி இடங்கள். நான்கு எழுத்துகளால் 16 நீளத்தில் அமைக்கக்கூடிய சொற்கள் சுமார் 430 கோடி. 17 நீளத்தில் 1,718 கோடி. அதாவது 17-ஐத் தொட்ட பிறகுதான் ஒரு தொடர் தற்செயலாக இன்னோர் இடத்திலும் வரும் சராசரி எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழே இறங்குகிறது. 10 எழுத்துப் பிரைமர் சராசரியாக ஆயிரக்கணக்கான இடங்களில் ஒட்டும்.

மேல் எல்லையைத் தீர்மானிப்பது தயாரிப்பு முறை. 1980-களின் தொடக்கத்திலிருந்து புழங்கும் ஃபாஸ்ஃபோரமிடைட் முறையில் ஒரு சுற்றுக்கு ஓர் எழுத்து சேரும்: அமிலத்தால் முனையின் காப்பை நீக்கு, அடுத்த எழுத்தை இணை, இணையாமல் நின்ற முனைகளை மூடு, பிணைப்பை ஆக்சிஜனேற்று. இழையின் இரு முனைகளுக்கு 5', 3' என்று பெயர். உயிரணுவில் இழை 5' முனையிலிருந்து 3' நோக்கி வளரும். இங்கே தலைகீழாக 3'-லிருந்து 5' நோக்கி. ஒவ்வொரு இணைப்பும் 99 சதவீதம் வெற்றி என்று வையுங்கள். 20 எழுத்துக்கு 19 இணைப்பு. முழு நீளம் வருவது சுமார் 83 சதவீதம். 100 எழுத்துக்கு 99 இணைப்பு. மிஞ்சுவது 37 சதவீதம்தான். வெற்றி விகிதம் 98-க்கு இறங்கினால் அதே 100 எழுத்தில் 13 அல்லது 14 சதவீதம்! கரைப்பானில் ஈரம் கசிந்தால் முதலில் அடிவாங்குவது இந்த இணைப்புப் படிதான். அமிலம் அளவுக்கு மேல் பட்டால் அடினைனும் குவானைனும் சர்க்கரையிலிருந்து கழன்றுவிடும். நீளம் கூடக்கூட இந்தக் குறைகள் பெருகிக்கொண்டே போவதால்தான் ஒலிகோ ஒலிகோவாகவே நிற்கிறது. நீளமான மரபணு வேண்டுமென்றால் துண்டுகளாகச் செய்து ஒட்டுகிறார்கள்.

பிரைமர் உலர்ந்த தூளாக வரும். குழாயைத் திறக்கும் முன் ஒருமுறை சுழலியில் சுற்றுங்கள். தூள் மூடியில் ஒட்டியிருந்தால் திறந்தவுடன் பறந்துவிடும். லேபிளில் உள்ள நானோமோல் எண்ணைப் பத்தால் பெருக்கி அத்தனை மைக்ரோலிட்டர் டி.இ. கரைசல் (டி.என்.ஏ.வைக் கெடாமல் காக்கும் தாங்கல் கரைசல்) விட்டால் செறிவு 100 மைக்ரோமோலார். 25 நானோமோல் என்றால் 250 மைக்ரோலிட்டர். அதைப் பத்து மடங்கு நீர்த்து 10 மைக்ரோமோலாராக வைத்துக்கொண்டு, 25 மைக்ரோலிட்டர் வினையில் 0.5 மைக்ரோலிட்டர் இட்டால் இறுதிச் செறிவு 0.2 மைக்ரோமோலார். லேபிளில் எடை, மோல், ஒளியுறிஞ்சல் அலகு மூன்றும் அச்சாகியிருக்கும். அவசரத்தில் மைக்ரோகிராமைப் பத்தால் பெருக்குவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

மருந்தாகவும் ஒலிகோ வந்துவிட்டது. ஒப்புதல் பெற்ற முதல் ஆன்டிசென்ஸ் (குறிப்பிட்ட ஆர்.என்.ஏ.வில் ஒட்டி அதன் வேலையை மாற்றும்) மருந்து 1998-இல் வந்த ஃபோமிவிர்சென், 21 எழுத்து. முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்கு 2016-இல் ஒப்புதல் பெற்ற நுசினெர்சென் 18 எழுத்து. தண்டுவடத் திரவத்தில் செலுத்துகிறார்கள்; அப்போது ஒப்புதல் பெற்ற அளவு ஒருமுறைக்கு 12 மி.கி.

மருத்துவச் சொற்களில் எண்ணுவதும் அளப்பதும் கலந்து கிடக்கின்றன. அளப்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒலிகூரியா, அதாவது சிறுநீர் வெளியேற்றம் குறைதல். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 400 மி.லி.க்குக் கீழ் என்பது பழைய கோடு. 500 என்று வைப்பவர்களும் உண்டு. இந்த எண் எங்கிருந்து வந்தது? உடல் அன்றாடம் வெளியேற்ற வேண்டிய கரைபொருள் 500 முதல் 600 மில்லிஆஸ்மோல் (கரைந்த துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு). நலமான சிறுநீரகம் சிறுநீரை அதிகபட்சம் கிலோவுக்கு 1,200 மில்லிஆஸ்மோல் வரைதான் அடர்த்தியாக்கும். வகுத்துப் பாருங்கள்: 415 முதல் 500 மி.லி. இதற்குக் கீழே போனால், சிறுநீரகம் முழுமூச்சில் வேலை செய்தாலும் கழிவு உடலில் தேங்கியே தீரும்.

படுக்கையருகே ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க முடியாது, அங்கே மணிக்கணக்கு. திடீர் சிறுநீரகப் பாதிப்புக்கு கேடிகோ என்ற சர்வதேச அமைப்பு தந்த வழிகாட்டுதலில் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.க்குக் குறைவாக 6 மணி நேரம் நீடித்தால் முதல் நிலை, 12 மணி நேரம் நீடித்தால் இரண்டாம் நிலை. 0.3-க்குக் கீழ் 24 மணி நேரம், அல்லது 12 மணி நேரம் சிறுநீரே இல்லை என்றால் மூன்றாம் நிலை. 60 கிலோ எடைக்கு மணிக்கு 30 மி.லி. என்று கணக்கு வரும். நாளுக்கு 720 மி.லி.; பழைய 400-ஐவிடக் கணிசமாக உயரம். இரண்டு கோடும் புழக்கத்தில் இருப்பதால் எதை வைத்துப் பேசுகிறோம் என்று சொல்லிவிட்டுப் பேசுவது நல்லது. உடல்பருமன் உள்ளவருக்கு உண்மை எடையைப் போட்டால் இல்லாத ஒலிகூரியா இருப்பதாகத் தெரியும். உயரத்துக்கு ஏற்ற எடையைப் போடுவது வழக்கம். எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது சிறுநீரை வடிக்கப் பொருத்திய குழாய். மடங்கிக் கிடக்கிறதா, இரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா, சிறுநீர்ப்பை நிறைந்து வயிறு மேடாக இருக்கிறதா? சிறுநீர் உற்பத்தியாகி வெளியே வரமுடியாமல் நிற்பது தேக்கம். அதற்கு நரம்பில் நீர் ஏற்றுவது உதவாது. நாளுக்கு 100 மி.லி.க்கும் கீழே போனால் சொல் மாறி அனூரியா ஆகிவிடும். முழுப் பூஜ்யம் வேண்டியதில்லை.

பனிக்குட நீர் குறைவதை ஒலிகோஹைட்ராம்னியாஸ் என்பார்கள். ஸ்கேனில் இதற்கு இரண்டு அளவுகோல். வயிற்றை நான்கு கால்பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஆழமான நீர்ப்பையை அளந்து கூட்டுவது ஒன்று: மொத்தம் 5 செ.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் குறைவு. ஒரே ஓர் ஆழமான பையை மட்டும் அளப்பது இன்னொன்று: 2 செ.மீ.க்குக் கீழ் என்றால் குறைவு. முதல் முறை அதிகப் பேரைக் 'குறைவு' என்று முத்திரை குத்துகிறது, வலி வரவழைக்கும் தலையீடுகளும் அதனால் கூடுகின்றன, குழந்தையின் நலனில் அதற்கேற்ற ஆதாயம் தென்படவில்லை. ஒரு பை முறையே மேல் என்பது என் கருத்து. எந்த முறையானாலும் அளக்கும் பையில் தொப்புள்கொடிச் சுருள் இருக்கக்கூடாது. இருந்தால் நீர் என்று நினைத்துக் கொடியைச் சேர்த்து அளந்துவிடுவோம். கர்ப்பத்தின் பிற்பாதியில் இந்த நீரின் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர். அதனால் குழந்தையின் சிறுநீரகக் கோளாறு, நஞ்சுக்கொடிக்கு இரத்தம் குறைதல், தாய் எடுக்கும் ஏ.சி.இ. தடுப்பிகள் என்ற இரத்த அழுத்த மருந்துகள், சிலவகை வலி மாத்திரைகள் எல்லாமே காரணமாகலாம். பனிக்குடம் எங்காவது கசிகிறதா என்பதை மறக்கக்கூடாது.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். ஒலிகோஸ்பெர்மியா, சரியாகச் சொன்னால் ஒலிகோசூஸ்பெர்மியா: விந்தணுச் செறிவு உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் எல்லைக்குக் கீழ் இருப்பது. அந்த எல்லை மி.லி.க்கு 1999-இல் 2 கோடி, 2010-இல் 1.5 கோடி, 2021-இல் 1.6 கோடி. பழைய அறிக்கையில் 'குறைவு' என்று வந்தவர் அதே எண்ணோடு இன்று இயல்பு வரம்புக்குள் வரலாம். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுத்த மாதிரியா என்று பார்க்க வேண்டும். ஒரே மாதிரியை வைத்து முடிவு கட்டக்கூடாது. ஒலிகோமெனோரியா என்பது 35 நாளுக்கு மேல் தள்ளிப்போகும் மாதவிடாய். மகப்பேறு மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிகோ இந்தச் சொல்லையே கைவிட்டு, 38 நாளுக்கு மேல் போனால் 'அரிதாக வருவது' என்று வெறுமனே சொல்லச் சொல்கிறது. ஒலிகோஆர்த்ரைட்டிஸில் மூட்டுகளை எண்ணுகிறோம்: சிறுவர் மூட்டழற்சியில் முதல் 6 மாதத்தில் 4 மூட்டு வரை ஒலிகோ, 5 முதல் பாலி ('பல'). கண் உள்ளழற்சி பெரிதாக வலி காட்டாமல் வருவது இந்த ஒலிகோ வகையில் அதிகம். மூட்டு நன்றாக இருந்தாலும் கண் பரிசோதனையை விடமுடியாது. பிறவியிலேயே 6 பல்லோ அதற்கு மேலோ முளைக்காமல் இருந்தால் ஒலிகோடோன்ஷியா, கடைவாயின் ஞானப்பல் கணக்கில் வராது. இங்கே ஒரு வேடிக்கை: இருக்கும் பல் 'சில' என்று பெயர் சொல்கிறது, எண்ணுவதோ இல்லாத பல்லை. மூளைத் தண்டுவடத் திரவத்தில் தேடும் ஒலிகோகுளோனல் பட்டைகளுக்கு (சில செல்வழிகளே உண்டாக்கிய எதிர்ப்பொருள்களின் கோடுகள்) அதே நேரத்தில் எடுத்த இரத்தமும் உடன் போகவேண்டும். திரவத்தில் இருந்து இரத்தத்தில் இல்லாத பட்டைகள் குறைந்தது 2 இருந்தால்தான் நேர்மறை.

பெயரை நம்பினால் ஏமாறும் இடங்கள் உயிரியலில் இருக்கின்றன. ஒலிகோடென்ட்ரோசைட் என்றால் 'சில கிளை உள்ள செல்'. 1921-இல் ஸ்பானிய நரம்பியல் ஆய்வாளர் பியோ டெல் ரியோ ஓர்த்தேகா வெள்ளிச் சாயமேற்றிப் பார்த்தபோது, பக்கத்தில் இருந்த விண்மீன் வடிவ ஆஸ்ட்ரோசைட்டைவிடக் கிளைகள் குறைவாகத் தெரிந்தன. உண்மையில் இந்த ஒரு செல் 50 வரையிலான நரம்பிழைத் துண்டுகளுக்கு மயலின் என்ற காப்புறை போடக்கூடியது. மூளைக்கு வெளியே அதே வேலையைச் செய்யும் ஷ்வான் செல் ஒரே ஒரு துண்டுக்குத்தான் போடும். மண்புழுக்கள் அடங்கிய பிரிவு ஒலிகோகீட்டா, 'சில முள் உள்ளவை'. லம்பிரிகஸ் மண்புழுவுக்குக் கண்டத்துக்கு 8 முள்தான், பெயர் பொருந்துகிறது. ஃபெரிட்டிமா என்ற மண்புழுவுக்கோ கண்டத்தைச் சுற்றி 80 முதல் 120 வரை! கடல்வாழ் பாலிகீட்டா புழுக்களில் பக்கக்கால்களில் கொத்துக் கொத்தாக முள் இருப்பதைப் பார்த்துவிட்டு வைத்த ஒப்பீட்டுப் பெயர் இது. ஒலிகோ என்பது எப்போதும் பக்கத்தில் ஒரு பாலியை வைத்துக்கொண்டே பேசும்.

ஏரிகளில் மீண்டும் அளவு. ஒலிகோட்ரோபிக் என்றால் ஊட்டம் குறைந்த நீர்: பைக்கால் ஏரி போல. லிட்டருக்கு மொத்த பாஸ்பரஸ் 10 மைக்ரோகிராமுக்கு மேல் போகாது, பச்சையம் சராசரி 2.5 மைக்ரோகிராமுக்குள். கருவி இல்லாதவர் 20 செ.மீ. விட்டமுள்ள கறுப்பு-வெள்ளை செக்கி தட்டைக் கயிற்றில் இறக்கி, மறையும் ஆழத்தைக் குறிக்கலாம். ஏரியியல் ஆய்வாளர் கார்ல்சன் 1977-இல் தந்த ஊட்டநிலைக் குறியீட்டில் 4 மீட்டர் ஆழம் 40 என்ற மதிப்புக்குச் சமம். மதிப்பு 40-க்கும் கீழே இருந்தால், அதாவது தட்டு 4 மீட்டரையும் தாண்டி மறைந்தால், ஒலிகோட்ரோபிக். ஆனால் தெளிவு குறைந்தாலே ஊட்டம் கூடிவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. வண்டல் கலங்கினாலும், சதுப்பு நீரின் பழுப்பு நிறத்தாலும் தட்டு சீக்கிரம் மறையும். பாஸ்பரஸையும் பார்த்தால்தான் பிடிபடும். உப்புத்தன்மைக்கு 1958 வெனிஸ் வகைப்பாட்டில் ஆயிரத்துக்கு 0.5 முதல் 5 வரை ஒலிகோஹேலைன், 18 முதல் 30 வரை பாலிஹேலைன்.

ஒலிகோசீன் 1854-இல் ஜெர்மன் நிலவியலாளர் பெய்ரிக் இட்ட பெயர், 3.39 கோடி முதல் சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையான காலம். பின்பாதி 'புதிய' என்று பொருள்படும்: இன்றும் வாழும் சிப்பி இனங்கள் அந்தப் பாறைகளில் சிலவே என்பது கருத்து. காலம் குறுகியது என்று பொருள் இல்லை, ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அது. ஒலிகோகிளேஸ் என்ற ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தின் பெயருக்கு 'கொஞ்சமாகப் பிளவது' என்று பொருள். அதில் அனார்த்தைட் என்ற கால்சியக் கூறு 10 முதல் 30 சதவீதம். செம்பு, வெள்ளி அயனிகள் மிகச் சொற்ப அளவிலேயே நுண்ணுயிரைக் கொல்வதற்கு சுவிஸ் தாவரவியலாளர் நேகெலி இட்ட பெயர் ஒலிகோடைனமிக். அவர் இறந்தபின் 1893-இல் வெளிவந்தது. இதில் 'சில' எண்ணிக்கை எதுவும் கிடையாது, 'கொஞ்சத்தின் வலிமை' அவ்வளவுதான்.

குழம்பும் சொற்கள் சிலவும் உண்டு. 'ஹைப்போ' இயல்பைவிடக் கீழே என்பதைக் காட்டும். பல் சொற்களில் 5 வரை குறைந்தால் ஹைப்போடோன்ஷியா, 6 முதல் ஒலிகோ என்று அடுத்தடுத்த படிகளாகவே வைத்திருக்கிறார்கள். 'பாசி' என்பது ஒலிகோவின் லத்தீன் ஒன்றுவிட்ட சகோதரன்: 5 தேமல் வரை உள்ள தொழுநோய் பாசிபேசில்லரி. பொருளியலின் ஒலிகோபோலி, அதாவது சில்லோர் முற்றுரிமை, பார்வைக்கு ஒலிகோவும் பாலியும் சேர்ந்ததுபோல இருக்கும். அந்தப் பின்பாதி 'விற்பது' என்ற கிரேக்க வினையிலிருந்து வந்தது, 'பல' என்பதோடு அதற்கு உறவில்லை. உயிர்வேதியியலில், உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை உண்டாக்கும் ஏ.டி.பி. சிந்தேஸ் நொதியின் சவ்வில் பதிந்த பகுதியை எஃப்-ஓ என்பார்கள். அந்தக் கீழ்க்குறி ஒலிகோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் முதலெழுத்து. அந்த மருந்து போய் ஒட்டுவது அந்தப் பகுதியில். பக்கத்தில் எஃப்-1 இருப்பதால் பலர் அதை எஃப்-பூஜ்யம் என்று படித்துவிடுகிறார்கள், அச்சான நூல்களில்கூடப் பூஜ்யமாகவே வந்திருக்கும்.